மருந்தடித்தவரின் மகள் மருந்தியல் படிக்கப் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 டிசம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெண் மருந்தியல் முனைவர் படிப்புக்காக நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றிலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. 2022 மார்ச்சில் உள்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. அக்டோபரில் பினாங்கில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். 2023 ஆகஸ்டில் அந்தப் பதிவு முனைவர் பட்டத்துக்கு மாற்றப்பட்டது. இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இந்த இருபது மாதங்களில் அவளுடைய இளங்கலை மதிப்பெண் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நான்குக்கு, முதலிலும் 3.41, கடைசியிலும் 3.41. அப்படியானால் மாறியது எது? அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். திரும்பி வந்த ஐந்து விண்ணப்பங்களுக்கும் ஆலோசனை சொன்னவள் நான் என்பதால் எழுத வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. நானும் இந்த ஊர்க்காரி. மருந்தியலில் முனைவர் பட்டம் முடித்து ஈப்போவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்து, மேற்படிப்பு பற்றிக் கேட்கும் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அதனால் மாணவி என்றே சொல்கிறேன்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) மருந்து என்ற சொல்

மாணவியின் அம்மா ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் மருந்தடிக்கும் வேலை. நம் தோட்டங்களில் களைக்கொல்லியை யாரும் களைக்கொல்லி என்று சொல்வதில்லை. கிளினிக்கில் வாங்குவதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு காலையில் போனால் வெயில் ஏறும்வரை அடிக்க வேண்டும். கையுறை கிழிந்திருக்கும், அல்லது வேர்வையில் வழுக்குகிறது என்று கழற்றியிருப்பார்கள். அம்மாவின் நகங்கள் வெளுத்து, ஓரம் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். சில நாள் மூக்கில் ரத்தம் வரும். ஏன் என்று கேட்டால், “மருந்து பட்டிருச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். மலேசியா அதை 2002இல் தடை செய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. நுரையீரல் செல்கள் பாலிஅமீன் என்ற இயற்கைப் பொருளை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு வைத்திருக்கும் வழியிலேயே பாராகுவாட்டும் நுழைந்துவிடுகிறது. நுழைந்த பிறகு ஆக்சிஜனோடு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, அந்தச் செல்லையே அழிக்கிறது. அதனால்தான் இந்த நஞ்சு ஏறியவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதில் மருத்துவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். மூச்சுத் திணறுபவருக்குக் கொடுக்கும் மூச்சே தீங்காக முடியலாம். இரண்டாம் ஆண்டு வகுப்பில் இதைக் கேட்ட அன்று இரவு மாணவி எனக்கு அழைத்தாள். அம்மா அடித்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள். அவள் மருந்தியலுக்கு வந்தது அந்த இரவில்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இதைப் புரியவைப்பது எளிதாக இல்லை. டாக்டர் பட்டம் என்றதும் அம்மா மகிழ்ந்தார். ஆனால் நோயாளிகளைப் பார்க்க மாட்டாள் என்றதும் குழம்பினார். மருந்துக் கடையில் நிற்பாளா என்று கேட்டார். அதுவும் இல்லை. மருந்தாளர் மருந்தை நோயாளிக்குச் சரியாகக் கொண்டுசேர்ப்பவர். அதற்குத் தனிப் பட்டமும், பயிற்சியும், மருந்தக வாரியத்தில் பதிவும் வேண்டும். மருந்தியல் ஆய்வாளர் ஒரு பொருள் உடலுக்கு என்ன செய்கிறது, உடல் அந்தப் பொருளை என்ன செய்கிறது என்று அளப்பவர். அமெரிக்காவில் இந்தத் துறையை 1891இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபெல் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளுக்குள்தான் இந்தத் துறை இருக்கிறது, ஆனாலும் இதில் சேர மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நமக்கு அருகிலேயே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் நாட்டின் முதல் மருந்தாக்கியல் பள்ளியைத் தொடங்கியது. வடக்கே கிராமங்களில் காய்ச்சிக் குடிக்கிற கெத்தும் இலையில் உள்ள மித்ராஜினைன் பற்றி அங்கே பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. நம் வீட்டுப் பின்புறத்தில் முளைக்கிற இலைதான் அங்கே ஆய்வுப் பொருள். இதைச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

நான்கு விண்ணப்பங்கள்

மாணவி உயிர்மருத்துவ அறிவியலில் இளங்கலை முடித்தவள். அமெரிக்கா பக்கம் நாங்கள் திரும்பியதற்கு ஒரே ஒரு வரிதான் காரணம்: முதுகலைப் பட்டம் தேவையில்லை. அந்த வரியைப் படித்ததும் இரண்டு ஆண்டு மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

எழுதி வைத்திருக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உயிரியல், வேதியியல் அல்லது நெருங்கிய துறையில் இளங்கலைப் பட்டம், பொதுவாக 3.0க்குக் குறையாத மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். முன்பெல்லாம் மேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ கட்டாயமாக இருந்தது, இப்போது பல துறைகள் அதை எடுத்துவிட்டன. மாணவியிடம் எல்லாமே இருந்தன. கட்டணங்களும் ஆங்கிலத் தேர்வும் சேர்த்து 2,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேலே ஆனது. அம்மா எடுத்த சீட்டுப் பணம் அது.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கே மருந்தியல் முனைவர் படிப்பில் சேர்ப்பது ஒருவரை ஐந்தாறு ஆண்டுக்கு வேலைக்கு எடுப்பதற்குச் சமம். படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு மாத உதவித்தொகையும் கொடுக்கிறது. அதனால் இந்த ஆள் ஆய்வகத்தில் தோல்விமேல் தோல்வி வந்தாலும் நிற்பாரா என்பதைத்தான் தேர்வுக்குழு தேடுகிறது. அங்கத்திய மாணவர்களில் பலர் இளங்கலை முடித்து ஓரிரு ஆண்டு ஆய்வக உதவியாளராக வேலை செய்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கிறார்கள். நம் மாணவியிடம் இருந்தது இறுதியாண்டுத் திட்டம் ஒன்று. பதினான்கு வாரம், ஓர் இலைச் சாறு, ஒரே ஒரு சோதனை.

கடிதங்கள் அதைவிட மோசம். மூன்று பேரில் இருவர் நூற்றுக்கு மேற்பட்டோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள். நல்ல மாணவி, ஒழுங்காக வந்தாள், ஏ வாங்கினாள் என்பதற்கு மேல் அவர்களால் என்ன எழுத முடியும்? அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சோதனைக்குழாயைப் பிடிப்பதையே அவர்கள் பார்த்ததில்லை.

நோக்க அறிக்கை இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் அம்மாவைப் பற்றி. படித்து நான் அழுதேன், ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். அந்த அறிக்கையில் எந்தக் கேள்வியை ஆராயப் போகிறாள், அதற்கு முன்பு எதைச் செய்து பார்த்தாள், எங்கே தவறியது, தவறியதிலிருந்து என்ன புரிந்தது என்பது அரைப் பக்கத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கண்ணீரோடு படித்ததால் அது என் கண்ணில் படவேயில்லை.

எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாத செய்தி இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் இந்தப் படிப்புகளுக்குக் கணிசமான பணம் தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவரைச் சேர்த்தால் துறை வேறு பணம் தேட வேண்டும். அதனால் நமக்கென்று இருக்கும் இடம் இயல்பாகவே குறுகல். இதற்கு மேல், நாங்கள் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தது தரவரிசைப் பட்டியலைப் பார்த்து. நான்கில் இரண்டு துறைகளில் நுரையீரல் பற்றியோ நச்சியல் பற்றியோ ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம். பேராசிரியர் பட்டியல் அவர்களுடைய பக்கத்திலேயே இருந்தது. பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அதே பட்டம், வேறு வாசல்

உள்நாட்டு விண்ணப்பம் திரும்பி வந்த காரணம் ஒரு வரியில் முடிகிறது. மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏ வகுத்த தரப்படி, ஆய்வுவழி முனைவர் பட்டத்தில் சேர முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலையிலிருந்து நேரடியாகப் போக முதல் வகுப்பு, அதாவது பொதுவாக 3.67, வேண்டும். மாணவியிடம் இருந்தது 3.41.

அமெரிக்காவில் 3.0 போதும், இங்கே 3.67 வேண்டும் என்றால் இங்கேதான் கடினம் என்று தோன்றும். அப்படி இல்லை, இரண்டு இடத்திலும் பட்டம் கட்டப்பட்டிருக்கும் விதமே வேறு. அங்கே முதல் இரண்டு ஆண்டு வகுப்புப் பாடங்கள் உண்டு: உயிர்வேதியியல், செல் உயிரியல், மருந்தியல் அடிப்படைகள், புள்ளியியல், ஆய்வு நெறி. பி தரத்துக்குக் கீழே சராசரி போனால் ஆபத்து. முதல் ஆண்டில் பெரும்பாலும் மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை பார்த்து, அதன் பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் தகுதித் தேர்வு. ஓர் ஆய்வு நிதி விண்ணப்பம் போல எழுதி, குழுவின் முன்னால் நின்று காக்க வேண்டும். அதில் தேறியவரே முனைவர் பட்ட வேட்பாளர். தேறாதவர்களில் சிலர் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள். அப்புறம்தான் முழுநேர ஆய்வு, ஆய்வுக்குழுவோடு ஆண்டுதோறும் சந்திப்பு, பல இடங்களில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை, ஆய்வேடு, பொது உரை, வாய்மொழித் தேர்வு.

இங்கே ஆய்வுவழிப் பட்டத்தில் அந்த முதல் இரண்டு ஆண்டு கிடையாது. ஆய்வு முறையியல் வகுப்பு ஒன்று, பட்டறைகள் சில, அவ்வளவுதான். சேர்ந்த நாளிலிருந்தே ஆய்வு. அடிப்படையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் அதை ஏற்கெனவே கற்றுக்கொண்டு வந்ததற்கு முதுகலைப் பட்டத்தையோ முதல் வகுப்பையோ சாட்சியாகக் கேட்கிறார்கள். அங்கே பட்டத்துக்கு உள்ளே இருப்பது இங்கே வாசலுக்கு வெளியே இருக்கிறது. நான் மிச்சம் என்று கணக்குப் போட்ட அந்த இரண்டு ஆண்டு எங்குமே மிச்சமாகாது.

எம்கியூஏ தரத்தில் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குப் பொருந்துவது இதுதான், அவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்ததும் இதுதான். ஆய்வுவழி முதுகலையில் சேர பொதுவாக 2.75 போதும். சேர்ந்த பிறகு திறமையைக் காட்டினால், முழுநேர மாணவர் முதல் ஆண்டுக்குள் முனைவர் பட்டப் பதிவுக்கு மாறலாம். முதுகலையை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

வழி தெரிந்தாலும் ஆள் வேண்டும். இங்கே பல துறைகளில், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு விரிவுரையாளர் வழிகாட்டச் சம்மதித்திருக்க வேண்டும். மாணவி இருபத்திரண்டு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். எல்லாருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறியது. இரண்டு பதில் வந்தன. ஒன்று, இடமில்லை. மற்றொன்று பினாங்கிலிருந்து ஒரு பேராசிரியர் அனுப்பியது. அதில் பாராட்டும் இல்லை, மறுப்பும் இல்லை, மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன. என்ன அளக்கப் போகிறாய், எதைக் கொண்டு அளப்பாய், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்.

மாணவி எலியில் நுரையீரல் நார்த்திசு வளர்வதை ஆராய்வதாக எழுதியிருந்தாள். எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்ன மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று கொள்கைகள்தான் இன்றும் அதற்கு அடிப்படை. முதல் ஆண்டுக்குள் பதிவை மாற்ற நினைக்கும் ஒருத்தி அனுமதிக்குக் காத்தே அந்த ஆண்டில் பாதியைத் தொலைத்திருப்பாள். எனக்கு இது தெரியும். என் சொந்த ஆய்வில் பட்டது. இருந்தும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

பதில் எழுத அவளுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்தோம். அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளில் ஏழெட்டை வாசித்தாள். அவருடைய ஆய்வகத்தில் ஏ549 என்ற நுரையீரல் செல் வரிசை இருப்பதைக் கண்டுபிடித்தாள். 1972இல் ஒரு நோயாளியின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் அவை. எலியை விட்டுவிட்டு, அந்தச் செல்களில் பாராகுவாட் ஏற்படுத்தும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளப்பதாகக் கேள்வியைச் சுருக்கினாள். எந்தெந்தச் சோதனை, எத்தனை முறை, எந்தப் புள்ளியியல் என்று ஒரு பக்கத்தில் எழுதினாள். அந்த ஒரு பக்கத்தில் அம்மா இல்லை. அதை அனுப்பும் முன்பு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பேராசிரியரிடம் அடிப்படை ஆய்வு நிதித் திட்டத்தில் கிடைத்த பணம் இருந்தது. எஃப்ஆர்ஜிஎஸ் என்பார்கள். அந்த நிதியில் பட்டதாரி ஆய்வு உதவியாளருக்கு மாதத் தொகை ஒதுக்க இடம் உண்டு. மாணவியின் கேள்வி அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியோடு ஒட்டிப்போனது. ஜூனில் நேரில் வரச் சொன்னார். சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் தீவுக்குப் போனாள். முதல் நாளிலேயே திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைக் கையில் கொடுத்து, செல்லைத் தட்டில் பிரித்துப் போடச் சொன்னாராம். சரியாக வரவில்லை. மறுநாளும் வரச் சொன்னார்.

பணம்

நம் வீடுகளில் ஆய்வுப் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதை மறைத்துவிட்டுத் தகுதி பற்றி மட்டும் பேசுவது நியாயம் இல்லை. மாணவிக்கு இளங்கலைக்கு வாங்கிய பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் இருந்தது. முதல் வகுப்பு எடுத்திருந்தால் கடன் உதவித்தொகையாக மாறியிருக்கும். 3.41க்கு அந்தச் சலுகை இல்லை. தம்பி படித்துக்கொண்டிருந்தான். பட்டம் வாங்கிய பிள்ளை இன்னும் நான்கு ஆண்டு சம்பளம் இல்லாமல் படிக்கப் போகிறாள் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள்.

உதவியாளர் தொகை வரும் என்று உறுதியான பிறகுதான் அம்மா தலையாட்டினார். அதில் ஒரு பகுதியை மாணவி இன்றுவரை வீட்டுக்கு அனுப்புகிறாள். வழிகாட்டியைத் தேடும்போதே, உங்கள் திட்டத்தில் ஆய்வு உதவியாளர் இடம் இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு என்று மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும். கேட்பது தவறு என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். நிதி மூன்றாம் ஆண்டில் முடிந்து ஆய்வு நான்காம் ஆண்டுக்கு நீண்டால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேச வேண்டும்.

பதிவு மாறிய நாள்

2023 ஆகஸ்டில் குழுவின் முன்னால் நின்றாள். பத்து மாதத்தில் அவளிடம் சேர்ந்திருந்தவை: செல்கள் எவ்வளவு அளவில் எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்ற தரவு, மூன்று முறை தோற்று நான்காம் முறை வந்த ஒரு சோதனை, மாநாட்டில் வைத்த ஒரு சுவரொட்டி, அடுத்த இரண்டு ஆண்டுக்கான திட்டம். குழுவில் ஒருவர், முதல் மூன்று முறை ஏன் தோற்றது என்று மட்டுமே இருபது நிமிடம் கேட்டாராம். அவள் குறிப்பேட்டைத் திறந்து தேதி தேதியாகக் காட்டியிருக்கிறாள். செல் வளர்க்கும் கலனின் வெப்பநிலை அரை டிகிரி விலகியிருந்ததைக்கூட எழுதி வைத்திருந்தாள். பதிவு மாறியது.

அமெரிக்கத் தகுதித் தேர்வில் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். பெயர் வேறு, நேரம் வேறு, ஆனால் சொந்தக் கேள்வியைச் சொந்தத் தரவோடு காக்க முடியுமா என்று பார்ப்பதில் இரண்டு இடமும் ஒன்றாகின்றன.

இனி மிச்சம் இருப்பவை ஆய்வேடு, பல்கலைக்கழகம் கேட்கும் கட்டுரை வெளியீடு, உள் தேர்வாளரும் வெளித் தேர்வாளரும் அமரும் வாய்மொழித் தேர்வு. ஒரு கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, இரண்டாவது திருத்தத்தில் இருக்கிறது.

நான் எங்கே தவறினேன்

நிபந்தனைகளை நான் பட்டியலாகப் படித்தேன். மதிப்பெண் சரி, கடிதம் சரி, தேர்வு சரி என்று குறி போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு நிபந்தனையும் எதைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுகிறது என்று ஒருமுறைகூட நிறுத்திக் கேட்கவில்லை. மூன்று கடிதம் கேட்பது அவளை வேலையில் பார்த்த மூன்று பேர் வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்டவர்கள் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் போய் நின்றிருந்தால்தான் கிடைத்திருப்பார்கள். விண்ணப்பம் எழுதும் மாதத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியது தவறா என்று மாணவி என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். தவறு இல்லை. ஏன் இந்தத் துறை என்பதற்கு அதைவிட உண்மையான காரணம் கிடையாது. ஆனால் அது முதல் பத்தியில் நான்கு வரியாக இருந்து, மீதி இடத்தை அவள் செய்த வேலைக்கு விட்டிருக்க வேண்டும். திருத்தும் பேனா என் கையில்தான் இருந்தது.

நம் ஊர்களில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்ததும் நடக்கும் கல்விக் கருத்தரங்குகளில் மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆய்வுப் படிப்பு பற்றி ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. தோட்டத்தில் அடித்த மருந்து நம் நுரையீரலில் என்ன செய்தது என்று கேட்க நம் வீட்டிலிருந்தே ஆள் போக வேண்டும். அந்தக் கேள்வியை அதே வேகத்தோடு வேறு யார் கேட்பார்கள்?

சென்ற தீபாவளி விடுமுறையில் அம்மா பினாங்குக்குப் போய் ஆய்வகத்தைப் பார்த்தார். பூட்டிய அலமாரியில், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கும் சிறிய புட்டியை மாணவி கண்ணாடி வழியாகக் காட்டினாள். ஆய்வகத் தரப் பாராகுவாட், சிறிதளவு தூள். “இவ்வளவுதானா? நாங்க தோம்பு தோம்பா அடிச்சோமே,” என்றார் அம்மா. அப்புறம் மகளின் கையைப் பிடித்து, கையுறை போட்டிருக்கிறாளா என்று திருப்பிப் பார்த்தாராம்.

பக்கத்து லயத்திலிருந்து ஒரு பையன் போன வாரம் வந்தான். வேதியியல், மூன்றாம் ஆண்டு, 3.2. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா அக்கா என்று கேட்டான். விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம், வருகிற சனிக்கிழமை உன் ஆய்வகக் குறிப்பேட்டைக் கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.